கொழும்பில் வலையமைப்புப் பொறியியலாளராகக் காலடி வைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ படிப்பை முடித்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைப் பக்கம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, "நெட்வேர்க் எஞ்சினியர்" என்று போட்டிருக்கும் விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வாடகைக் கவலை மட்டும் அவர்களுக்கு இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை நீங்கள் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்றுதான்: "வைஃபை வேலை செய்யவில்லை." இப்படி வரும் முறைப்பாடுகளில் பலவற்றுக்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இருக்காது. கூரைக்குள் நசுங்கிய கேபிள், தீர்ந்துபோன ஐபி முகவரிகள் (வலையமைப்பில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்கள்), காலாவதியான டிஜிட்டல் சான்றிதழ், வீதியில் யாரோ தோண்டி அறுத்த ஃபைபர் என்று காரணம் வேறெங்கோ ஒளிந்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வரிசையாகத் தேடக் கற்றுக்கொள்வதுதான் முதல் ஆண்டின் பாடம். கருவிகளின் பெயர்களும் கட்டளைகளும் தாமாகவே கைக்கு வந்துவிடும்.

எந்த வாசலால் நுழைவது

கொழும்பில் இந்தத் தொழிலுக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் போன்ற சேவை வழங்குநர்கள் ஒரு வாசல். வங்கி, காப்புறுதி, ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், மருத்துவமனை ஆகியவற்றின் சொந்தத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் இன்னொரு வாசல். இரண்டுக்கும் நடுவில், கருவிகளை விற்று, நிறுவி, ஒப்பந்த அடிப்படையில் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இந்த நடுவாசல்தான் நல்லது. சம்பளம் பெரிதாக இருக்காது. காலையில் கோட்டையில் ஒரு வங்கி, மத்தியானம் பேலியகொடையில் ஒரு களஞ்சியசாலை, மாலையில் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் என்று அலைய வேண்டியிருக்கும். ஆனால் ஒரே ஆண்டில் ஏழெட்டு விதமான வலையமைப்புகளைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுவீர்கள். வங்கியின் உள் பிரிவில் சேர்ந்தவர் அதே காலத்தில் ஒரே வலையமைப்பை, அதுவும் தமக்கு அனுமதி கிடைத்த மூலையை மட்டும், பார்த்திருப்பார்.

மொறட்டுவை, களனி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டமோ, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் வெளிவாரிப் பட்டமோ கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கதவு மூடியிருக்காது. தொழிற்பயிற்சிச் சான்றிதழோடு கேபிள் இழுக்கும் அணியில் சேர்ந்து படிப்படியாக மேலே போனவர்கள் இத்துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சிசிஎன்ஏ என்ற வலையமைப்புச் சான்றிதழ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எடுங்கள், அவசரப்படாதீர்கள். தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கும் காலத்தில் அது ஏறத்தாழ 90,000 ரூபாய். தோற்றுப்போனால் மறுபடியும் அதே தொகையைக் கட்ட வேண்டும். வலையமைப்பைக் கணினியிலேயே கட்டிப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு, கடைசியில் பணத்தைக் கட்டுங்கள். விடைகளை மட்டும் மனப்பாடம் செய்யும் கேள்விக்கொத்துகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அவற்றால் சான்றிதழ் வாங்கியவரை நேர்முகப் பரீட்சையில் ஐந்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். "10.20.30.77/26 என்ற முகவரி எந்த வலையமைப்பைச் சேர்ந்தது?" என்று கேட்டால் போதும். /26 என்பது 64 முகவரிகள் கொண்ட தொகுதி, கடைசி எண் 64 இல் தொடங்கி 127 இல் முடிகிறது, கருவிகளுக்குப் பயன்படுத்தக்கூடியவை 62 என்று கடதாசி இல்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: "உலாவியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினால் என்னென்ன நடக்கும்?" இதற்குப் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் பேச முடிந்தால் அந்த வேலை உங்களுக்குத்தான் என்று நம்பலாம்.

சிங்களம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணங்களும் மின்னஞ்சல்களும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு கட்டிடத்தின் மின்னியலாளரோடும் வாசலில் நிற்கும் பாதுகாப்பு உத்தியோகத்தரோடும் கேபிள் இழுக்கும் அணியோடும் சிங்களத்தில்தான் பேச வேண்டியிருக்கும். இலக்கணம் பிழைத்தாலும் பரவாயில்லை. பேசத் தொடங்கினால் ஆறு மாதத்தில் வேலைக்குப் போதுமான அளவு வந்துவிடும்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் வரைந்துகொள்ளுங்கள்

புதிய இடத்தில் முதல் வாரம் ஒரு கட்டளையைக்கூட மாற்றாதீர்கள். வரைபடம் வரையுங்கள். இணைய இணைப்பு கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் தொடங்கி ஃபயர்வால் (பாதுகாப்பு அரண்), மைய சுவிட்ச் (கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி), மாடிக்கு மாடி இருக்கும் சுவிட்ச், அதிலிருந்து போகும் அக்சஸ் பாயின்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) என்று கையாலேயே கோடு போட்டு வாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் அதன் பெயர், ஐபி முகவரி, எந்தப் போர்ட்டில் எது செருகப்பட்டிருக்கிறது என்பவற்றைக் குறியுங்கள். அலுவலகத்தில் ஏற்கனவே ஒரு வரைபடம் இருக்கும், அழகாகவும் இருக்கும், எப்போதோ வரைந்ததாகவும் இருக்கும். அதை நம்ப வேண்டாம். பக்கத்துக் கருவி எதுவென்று சுவிட்சே சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. அவற்றின் விடைகளையும் கண்ணால் பார்த்ததையும் ஒப்பிட்டு வரையுங்கள்.

வரையும்போதே விசித்திரங்கள் வெளிப்படும். எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு நீலக் கேபிள் நிச்சயம் இருக்கும். அதைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும். பிடுங்காதீர்கள். சம்பளப் பிரிவின் சேவர் அதன் மறுமுனையில் இருக்கக்கூடும்.

கேபிள்: யாரும் மதிக்காத, எல்லாம் தொங்கும் இடம்

வைஃபை என்று நாம் சொல்வதில் கம்பியில்லாத பகுதி கடைசி இருபது முப்பது மீற்றர்தான். மற்றதெல்லாம் கம்பி. அந்தக் கம்பி நன்றாக இல்லாவிட்டால் மேலே பொருத்திய விலை உயர்ந்த அக்சஸ் பாயின்டால் ஒரு பயனும் இல்லை.

செப்பு ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீற்றர். அதில் சுவருக்குள் நிரந்தரமாக ஓடும் பகுதி 90 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. இரு முனையிலும் செருகும் குறுங்கேபிள்களுக்கு மீதிப் பத்து. பழைய கட்டிடங்களில் கேபிள் நேராகப் போவதில்லை. தூணைச் சுற்றி, குளிரூட்டிக் குழாயின் மேலால் ஏறி, படிக்கட்டு ஓரமாக இறங்கி வரும். தளப்படத்தில் அறுபது மீற்றராகத் தெரிவது கூரைக்குள் நூற்றைத் தாண்டிவிடும்.

கேபிளின் தரத்தை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். சந்தையில் செப்புப் பூசிய அலுமினியக் கம்பி "கட் சிக்ஸ்" என்ற செப்புக் கேபிள் தரத்தின் பெயரிலேயே விற்கப்படுகிறது. ஒரு முனையை வெட்டி, உள்ளே இருக்கும் ஒரு கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டுங்கள். செப்பு என்றால் உள்ளேயும் அதே செந்நிறம். அலுமினியம் என்றால் வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவாக இருப்பதும் தெரியும். அலுமினியத்தின் மின்தடை அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில் அது சூடாகும். தூரம் கூடினால் அக்சஸ் பாயின்ட் அடிக்கடி தானாக அணைந்து எழும். பயனர் சொல்வது அதே வாக்கியம்தான்: வைஃபை வேலை செய்யவில்லை.

பிஓஇ கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் தரும், அடுத்ததில் 30 வாட். 24 போர்ட் இருக்கிறது என்பதால் 24 கருவிகளுக்கும் முழு மின்சாரம் கிடைத்துவிடாது. சுவிட்சின் மொத்த ஒதுக்கீடு 370 வாட் என்றால், ஒவ்வொன்றும் 25 வாட் இழுக்கும் அக்சஸ் பாயின்ட்கள் பதினான்குதான் அதில் ஓடும். பதினைந்தாவதைச் செருகினால் அது எழும்பாது. நீங்கள் அரை நாள் கேபிளைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முகவரிகள் தீர்ந்துபோகும் விதம்

ஒரு நிறுவனத்தில் பணியாளர், விருந்தினர், ஐபி தொலைபேசி, கண்காணிப்புக் கமரா, அச்சுப்பொறி ஆகியவற்றைத் தனித்தனி வீலான்களில் (ஒரே கம்பியில் ஓடும் மெய்நிகர் வலையமைப்புகளில்) பிரித்து வைப்பது வழக்கம். பிரிப்பது சுலபம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை முகவரி வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்று யோசிப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஹோட்டல் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் வலையமைப்புக்கு /24, அதாவது கருவிகளுக்கு 254 முகவரி கொண்ட தொகுதி, ஒதுக்கியிருக்கிறார்கள். வெளியே போகும் வாசலான கேட்வேக்கு ஒன்றைக் கழித்தால் 253 முகவரி. முகவரி வழங்குவது வின்டோஸ் சேவரின் டிஎச்சிபி. அதில் ஒருவருக்குக் கொடுத்த முகவரி, மாற்றாமல் விட்டால், 8 நாள் அவர் பெயரிலேயே இருக்கும். திங்கட்கிழமை மாநாட்டுக்கு 200 பேர் வந்து இணைகிறார்கள், மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், முகவரிகள் போவதில்லை. செவ்வாய்க்கிழமை வேறொரு நிகழ்ச்சிக்கு இன்னும் 200 பேர். முதலில் வரும் 53 பேருக்கு இணைப்புக் கிடைக்கும். மற்றவர்களின் கைபேசியில் வைஃபை குறி முழுதாகத் தெரியும், இணையம் வராது. உடனே மண்டபத்துக்கு இன்னும் நான்கு அக்சஸ் பாயின்ட் வாங்க வேண்டும் என்று கூட்டம் போடுவார்கள். செய்ய வேண்டியது, அந்த 8 நாளை ஒரு மணி நேரமாகக் குறைத்து, வலையமைப்பை நான்கு மடங்கான /22 ஆகப் பெரிதாக்குவது. செலவு பூச்சியம்.

2020 இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. கைபேசிகள் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு பொய்யான மெக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்ணை) காட்டுகின்றன. ஆண்ட்ராய்டிலும் இதே நிலைமைதான். மெக் முகவரியை வைத்து ஆட்களை அனுமதிக்கும் பழைய பட்டியல்களை மூட்டை கட்டி வைத்துவிடலாம்.

இரண்டு அடையாளங்களை நினைவில் வையுங்கள். பயனரின் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அதற்கு டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை. உங்கள் அலுவலகம் 10 இல் தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்தும்போது ஒருவரிடம் மட்டும் 192.168.1 என்று தொடங்குவது இருந்தால், யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கடையில் வாங்கி வந்து மேசைக்குக் கீழே செருகியிருக்கிறார். அனுமதியற்ற கருவி முகவரி வழங்குவதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கைச் சுவிட்சில் போட்டிருந்தால் அந்த ரவுட்டரால் பிறருக்குத் தொல்லை வராது. இதைப் போலவே, அலுவலகத்தைச் சுத்தம் செய்பவர் கீழே கிடந்த கேபிளைப் பார்த்து, ஐபி தொலைபேசியின் இரண்டு போர்ட்களையும் சுவரிலேயே செருகிவிட்டால், தரவு வளையமாகச் சுழன்று ஒரு மாடி முழுவதும் நின்றுபோகும். அவரைத் திட்டிப் பயனில்லை. பயனர் பக்கப் போர்ட்களில் சுழல் தடுப்பைப் போடாதது நமது பிழை.

காற்றில் நடப்பது

இப்போதுதான் உண்மையான வைஃபைக்கு வருகிறோம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒரே கூட்டத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதைப் போல. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கும். பக்கத்து நிறுவனத்தின் அக்சஸ் பாயின்டும் அதே சேனலில் இருந்தால் அவர்களும் உங்கள் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்று: 1, 6, 11. பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடியின் நடுமாடியில் நின்று தேடிப்பாருங்கள். அந்த மூன்றிலும் டசின் கணக்கில் பெயர்கள் வரிசையாக நிற்கும். அலுவலகப் பணிக்கு 5 கிகாஹேர்ட்ஸை நம்புங்கள், 2.4 ஐ அச்சுப்பொறி, பார்கோட் கருவி போன்றவற்றுக்கு விட்டுவிடுங்கள். 5 இல் சேனல்கள் நிறைய இருப்பதால் 80 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்கு ஆசை வரும். அது நான்கு சேனல்களை ஒன்றாக விழுங்கும். அக்சஸ் பாயின்ட்கள் நெருக்கமாக உள்ள அலுவலகத்தில் 20 அல்லது 40 போதும். வேகப் பரிசோதனையில் பெரிய எண் வராது என்று முகாமையாளர் முகம் சுளிப்பார். கூட்ட அறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் காணொளி அழைப்பில் இருக்கும்போது நன்றி சொல்வார். அல்லது சொல்லமாட்டார், முறைப்பாடு வராது, அது போதும்.

5 கிகாஹேர்ட்ஸ் சேனல்களில் ஒரு பகுதியை ரேடாரோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் அலை கேட்டால் அக்சஸ் பாயின்ட் உடனே இடத்தை விட வேண்டும். அத்தகைய புதிய சேனலுக்குப் போனால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். ஒரே இடத்தில் அடிக்கடி சேனல் மாறினால் பதிவேட்டில் முதலில் இதைத் தேடுங்கள்.

வலுவை உச்சத்தில் வைக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் முதல் "திருத்தம்" அதுதான். அக்சஸ் பாயின்டின் சத்தம் தூரத்துக் கைபேசிக்குக் கேட்கும், கைபேசியின் மெல்லிய குரல் திரும்பி வராது. பயனர் ஐந்து கோடு இருக்கிறது என்பார், பக்கம் திறக்காது. அதோடு, பக்கத்திலேயே இன்னொரு அக்சஸ் பாயின்ட் இருந்தும் கைபேசி பழையதை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 2.4, 5 ஆகிய இரண்டு அலைப்பட்டைகளின் வலுவையும் அளந்து, பணியாளர் இருக்கும் எல்லா இடங்களிலும் மைனஸ் 67 டிபிஎம் (அலை வலுவின் அளவு) கிடைக்கும்படி திட்டமிடுங்கள். குரல் அழைப்புக்கு அது வேண்டும். 3 டெசிபல் கூடினால் வலு இருமடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு என்பதை வாய்ப்பாடு போல வைத்துக்கொள்ளுங்கள்.

தளப்படத்தை மென்பொருளில் ஏற்றி வட்டம் வட்டமாக அக்சஸ் பாயின்ட் வைப்பது தொடக்கம்தான். பிறகு நடந்து பார்க்க வேண்டும். கோட்டையில் யோர்க் வீதிப் பக்கத்துப் பிரித்தானியர் காலக் கட்டிடங்களின் தடித்த செங்கற் சுவர்கள் அலையைக் கடுமையாக விழுங்கும். அறைக்கு ஒன்று வைக்க வேண்டிவரலாம். புதிய கோபுரங்களில் நேர்மாறு: உள்ளே கண்ணாடியும் மெல்லிய பலகையும், அலை தாராளமாக ஓடி அடுத்த நிறுவனத்தின் அலையோடு மோதும். களஞ்சியசாலையில் அலுமாரிகள் காலியாக இருக்கும்போது எடுத்த அளவு, சரக்கு நிரம்பிய பிறகு செல்லாது. மண்டபத்தில் ஆட்கள் நிரம்பினால் அவர்களின் உடம்பே அலையை உறிஞ்சும். ஆகவே, இடம் பயன்பாட்டில் இருக்கும்போதே அளவெடுங்கள்.

எஸ்எஸ்ஐடி, அதாவது வைஃபை பெயர்களின், எண்ணிக்கையை மூன்று நான்கோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குப் பத்துத் தடவை தன்னை அறிவித்துக்கொண்டிருக்கும், அதுவும் மிக மெதுவான வேகத்தில். "தலைவருக்குத் தனி வைஃபை" என்று கேட்டு வருவார்கள். மரியாதையாக மறுக்கப் பழகுங்கள்.

கருவியில் நாட்டுக் குறியீட்டை இலங்கை என்றே வையுங்கள். வானொலி அலைவரிசைகளை மேற்பார்வை செய்வது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு; 1991 இன் 25 ஆம் இலக்கச் சட்டத்தை 1996 இல் திருத்தி அதை அமைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர் பையில் கொண்டுவந்த அக்சஸ் பாயின்டை வாடிக்கையாளரின் கூரையில் பொருத்துவது உங்கள் பெயருக்கு நல்லதல்ல. இரண்டு கட்டிடங்களுக்கு இடையே வானொலி இணைப்புப் போடும்போது, அலைவரிசைக்கு அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே ஆணைக்குழுவிடம் எழுதிக் கேளுங்கள்.

யார் உள்ளே வரலாம்

பணியாளர் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்பது வீட்டுக்குச் சரி. நிறுவனத்தில் ஒருவர் விலகிப்போனால் அந்தக் கடவுச்சொல்லும் அவரோடு போகிறது. 802.1எக்ஸ் முறையில் ஒவ்வொருவரும் தம் பெயரிலோ தம் கணினியின் சான்றிதழாலோ நுழைவார்கள். பின்னால் ரேடியஸ் சேவர் சரிபார்க்கும். புதியவர்களை இது பயமுறுத்தும், ஆனால் நடப்பது எளிது: அக்சஸ் பாயின்ட் அல்லது அவற்றை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் 1812 ஆம் போர்ட்டில் (இது செருகும் துளையல்ல, மென்பொருள் எண்) ரேடியஸிடம் கேட்கிறது, அது ஆம் அல்லது இல்லை என்கிறது.

ஒருநாள் காலை பணியாளர் ஒருவராலும் நுழைய முடியவில்லை, விருந்தினர் வைஃபை மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால், வேறெதையும் தொடுவதற்கு முன் ரேடியஸ் சேவரின் சான்றிதழ் நேற்று நள்ளிரவில் காலாவதியானதா என்று பாருங்கள். அடுத்து, சேவரின் கடிகாரம். காலாவதித் திகதியை இரண்டு மாதம் முன்பே நினைவூட்டும்படி நாட்காட்டியில் போட்டு வைப்பதற்கு எந்தச் சான்றிதழ் படிப்பும் தேவையில்லை.

முறைப்பாடு வந்தால் என்ன கேட்பது

கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, காலையிலிருந்து வைஃபை வேலை செய்யவில்லை."

"அக்கா, உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவர்களுக்குமா?"

"பக்கத்து மேசைக்கு வருகிறது. எனக்குத்தான்."

"எல்லாமே வரவில்லையா, குறிப்பிட்ட ஒன்றா?"

"மின்னஞ்சல் வருகிறது. கணக்கு மென்பொருள்தான் திறக்கவில்லை."

இரண்டு கேள்வியில் வைஃபை குற்றமற்றது என்று தீர்ந்துவிட்டது. மின்னஞ்சல் வந்தால் அலை, கேபிள், முகவரி, இணைய இணைப்பு எல்லாமே சரி. தேட வேண்டியது பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், ஃபயர்வால் விதி, அந்த மென்பொருளின் சேவர், அல்லது அவருடைய கணக்கின் அனுமதி. யாருக்கு, எங்கே, எப்போது முதல், எது மட்டும் என்ற நான்கையும் கேட்காமல் மேசையை விட்டு எழாதீர்கள். கேட்ட பிறகு கீழிருந்து மேலே போங்கள்: இணைப்பு இருக்கிறதா, முகவரி கிடைத்ததா, கேட்வே பதில் தருகிறதா, வெளியே கூகுளின் 8.8.8.8 பதில் தருகிறதா, பெயர் முகவரியாக மாறுகிறதா. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் வேலை. இதற்கும் பிடிபடாதவற்றுக்கு, வலையில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருள் இருக்கிறது. அதை அமைதியான நாட்களில் பழகுங்கள், தீப்பிடித்த நாளில் திறந்தால் ஒன்றும் விளங்காது.

வெளியே போகும் வழி

இரண்டு சேவை வழங்குநர்களிடம் இணைப்பு எடுத்திருக்கிறோம், பயமில்லை என்பார்கள். இரண்டு ஃபைபரும் ஒரே குழியால், ஒரே வாசலால் கட்டிடத்துக்குள் வருகின்றனவா என்று போய்ப் பாருங்கள். வீதியில் நீர்க்குழாய் போட வருபவரின் இயந்திரம் நிறுவனம் பார்த்து அறுப்பதில்லை. ஒன்று தரையாலும் மற்றது வானொலியாலும் வந்தால் நிம்மதி. மாதம் ஒருமுறை முதன்மை இணைப்பை நீங்களே பிடுங்கி, மாற்று இணைப்பு உண்மையாகவே தாங்குகிறதா என்று சோதியுங்கள். சோதிக்காத மாற்று இணைப்பு பெரும்பாலும் தேவையான நாளில்தான் தன் குறையைச் சொல்லும்.

மின்சாரம், இடி, உப்பு, வெள்ளம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் வேலை செய்தவர்கள் யூபிஎஸ் பற்றி இலேசாகப் பேசமாட்டார்கள். மின்பிறப்பாக்கி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மூன்றைச் சரிபாருங்கள்: அது எழும்பும்வரை யூபிஎஸ் தாங்குகிறதா, உங்கள் ரெக் (கருவிகளை அடுக்கிய சட்டகம்) உண்மையில் அந்தச் சுற்றில் இருக்கிறதா, சேவர் அறையின் குளிரூட்டியும் அதே சுற்றில் இருக்கிறதா. மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கருவிகள் ஓடிக்கொண்டே இருக்கும், அறை அடுப்பாகிவிடும். யூபிஎஸ் மின்கலங்களுக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு. வெப்பம் கூடக்கூட அது வேகமாகக் குறையும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கும். கூரையில் உள்ள கருவிக்கு நில இணைப்பும் மின்னெழுச்சிக் காப்பும் இல்லாவிட்டால் அக்சஸ் பாயின்ட் மட்டும் போகாது. கேபிள் வழியாக இறங்கி சுவிட்சையும் கொண்டுபோகும். கட்டிடத்துக்குக் கட்டிடம் செப்புக் கேபிள் இழுக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள கட்டிடங்களில் உப்புக்காற்று ஆணியையும் தாங்கியையும் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகும், நன்றாக மூடிய இணைப்பிகளும் வேண்டும். களனி ஆற்றங்கரைப் பக்கத்தில், 2016 மே வெள்ளத்தைப் பார்த்த கொலன்னாவை போன்ற பகுதிகளில், ரெக்கைத் தரைமட்டத்தில் வைக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள்.

மாற்றம் செய்யும் இரவு

பெரிய மாற்றங்களை அலுவலக நேரத்தில் செய்ய விடமாட்டார்கள். சனி இரவும் போயா விடுமுறையும் உங்கள் வேலை நாட்களாகும். வங்கிகளில் ஆண்டு இறுதியிலும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் எந்த மாற்றத்துக்கும் தடை போடுவது வழக்கம். உங்கள் திட்டத்தை அதற்கேற்ப வையுங்கள்.

போவதற்கு முன் எழுத வேண்டியவை: என்ன செய்யப்போகிறேன், எப்படிச் சோதிப்பேன், எந்த நேரத்துக்குள் சரிவராவிட்டால் பழையபடி திருப்புவேன். பழைய அமைப்பின் பிரதியை மடிக்கணினியில் வைத்திருங்கள். வலையமைப்பிலுள்ள கோப்புறையில் மட்டும் வைத்தால் வலையமைப்பு விழும்போது அதுவும் சேர்ந்து விழும். தொலைவிலிருந்து ஒரு கிளையின் ரவுட்டரை மாற்றும்போது, பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி முதலில் கட்டளை கொடுத்துவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் பழைய அமைப்போடு அது எழும்பும். சரிவந்தால் மறுதொடக்கத்தை ரத்துச் செய்துவிட்டுச் சேமியுங்கள். இந்த ஒரு பழக்கம், வவுனியாவுக்கு இரவு பஸ் ஏறுவதிலிருந்து பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

கட்டிட முகாமையாளரின் அனுமதிக் கடிதம், கருவிகளை வெளியே கொண்டுபோகும் சீட்டு ஆகியவற்றை வெள்ளி மத்தியானத்துக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சனி இரவு பதினொரு மணிக்கு வாசலில் நிற்பவருக்கு உங்கள் பதவியைப் பற்றி அக்கறை இல்லை. கடதாசி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அவர் செய்வதும் சரிதான்.

வாடிக்கையாளரின் வலையமைப்பில் நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள்: யார் எந்தத் தளத்துக்குப் போனார், யாருடைய கைபேசி எந்நேரம் எங்கே இருந்தது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறையாவது வாசித்துவிடுங்கள். ஒரு முகாமையாளர் தோளில் கைபோட்டு, "இன்னார் என்ன பார்க்கிறார் என்று சும்மா எடுத்துத் தாரும்" என்றால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்கமாட்டார்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சுவிட்ச், ரவுட்டரோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளும் அதற்குரிய யூஎஸ்பி மாற்றியும், மடிக்கணினியில் வலைக்கேபிள் போர்ட் இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மாற்றி, கேபிள் சோதிப்பான், கேபிள் முனையில் செருகியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பர், நல்ல குறுங்கேபிள் நான்கைந்து, லேபல் ஒட்டும் பட்டை, வெல்க்ரோ, தலைவிளக்கு, திருப்புளித் தொகுதி. இங்கே சில கட்டிடங்களில் உருண்டை ஊசிச் செருகி, சிலவற்றில் 13 அம்பியர் சதுர ஊசி. இரண்டுக்கும் பொருந்தும் ஒன்றை வைத்திருங்கள். மாற்றிகளையும் சில்லறைச் சாமான்களையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பேரம் பேசி வாங்கலாம்; கணினி சார்ந்தவற்றுக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. கிரிம்பரில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். மலிவானது எட்டு ஊசிகளில் ஒன்றை அரைகுறையாக அழுத்தும், அன்றைக்கு வேலை செய்யும், இரண்டு வாரம் கழித்து நீங்கள் வேறு இடத்தில் இருக்கும்போது அழைப்பு வரும்.